சிவப்பு மாடும் பச்சை மாடும்

சித்தப்பாவுக்குக் கழுத்தில் நெறி கட்டியது கடலை பிடுங்குகிற சமயத்தில். எங்கள் அன்னவாசல் பக்கம் நெறி கட்டுவதை யாரும் நோய் என்று சொல்வதில்லை. காலில் கருவேல முள் ஏறினால் தொடை இடுக்கில் கட்டும்; சொத்தைப்பல் வலித்தால் தாடைக்குக் கீழே கட்டும். மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பற்றுப் போட்டால் நாலு நாளில் வடிந்துவிடும். சித்தப்பாவும் போட்டார். வடியவில்லை. வலியும் இல்லை.

"வலிக்காத கட்டிக்கு எவன் வேலைய விட்டுட்டு ஆஸ்பத்திரி போவான்?" என்று மூன்று மாதம் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டே திரிந்தார். எலுமிச்சம்பழம் அளவுக்கு வளர்ந்து துண்டுக்கும் அடங்காமல் போன பிறகுதான் தம்பி, அதாவது சித்தப்பா மகன், எனக்குப் போன் போட்டான்.

எனக்குப் போட்டதற்குக் காரணம் உண்டு. நான் அன்னவாசலில் பிறந்து புதுக்கோட்டையில் படித்தவள். இருபத்திரண்டு வருஷமாகச் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. டாக்டர் இல்லை, டெக்னீஷியன். 'சதை டெஸ்ட்' என்று ஊரில் சொல்கிறோமே, அதற்கு வருகிற சதையை மெழுகில் பதித்து, சீவி, சாயம் ஏற்றி, டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்குத் தயார்செய்து கொடுப்பதுதான் முதல் பன்னிரண்டு வருஷம் என் பிழைப்பு. அதற்குப் பிறகு இருட்டறைக்கு மாற்றினார்கள். அங்கே செய்கிற டெஸ்டுக்குப் பெயர் ஃபிஷ்.

இந்தப் பெயரைச் சொன்ன நாளிலிருந்து ஊரில் எனக்கு 'மீன் பார்க்கிற வேலை'தான். ஃப்ளோரசன்ஸ் இன் சிட்டு ஹைப்ரிடைசேஷன் என்ற நீளப் பெயரின் முதலெழுத்துச் சுருக்கம் அது. சித்தப்பா கிண்டலுக்கு எங்கும் போகவேண்டியதில்லை. பக்கத்திலேயே சித்தன்னவாசல் இருக்கிறது. அறிவர் கோயில் குகையில் அண்ணாந்து பார்த்தால் தாமரைக்குளம், அதில் யானை, எருமை, அன்னம், மீன். "மெட்ராசு வரைக்கும் போயி எதுக்குத்தா மீன் பாக்குற? நம்ம மலையிலயே நீஞ்சுதே" என்பார்.

கழுத்து நெறிக்கு நம் நாட்டில் டாக்டர்களின் முதல் சந்தேகம் காசநோய். அதில் தப்பில்லை, நுரையீரலை விட்டால் காசநோய் அதிகம் போய் உட்காருகிற இடம் நெறிதான். சித்தப்பாவுக்கும் அதே சந்தேகத்தில் ஊசி குத்தி உறிஞ்சி எடுத்துப் பார்த்தார்கள். காசநோய்க்கான தடயம் இல்லை, சந்தேகப்படும்படியான செல்கள் உண்டு, முழு நெறியை எடுத்து அனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள். ஊசியில் வருவது உதிரி செல்கள். நெறி நோய்களில் செல் எப்படி இருக்கிறது என்பதோடு, எப்படி அடுக்கியிருக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். ஒரு கூடைச் செங்கல்லைக் காட்டி வீடு எப்படி இருந்தது என்று கேட்டால் எந்தக் கொத்தனாரும் சொல்ல மாட்டார்.

சதை டெஸ்டில் லிம்போமா என்று வந்தது. நெறிகளில் குடியிருக்கிற வெள்ளையணுக்களில் வருகிற புற்றுநோய். சித்தி முதலில் கேட்டது, "அப்ப அடையாறா?" தமிழ்நாட்டில் அடையாறு என்றால் அது ஓர் ஊர்ப்பெயர் மட்டும் இல்லையே. அழுகையோடு கேட்ட சித்திக்கு நான் சொன்னது, அந்த ஆஸ்பத்திரியைக் கட்டியதே நம்ம புதுக்கோட்டைப் பொண்ணுதான் என்று. முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டும் படித்துக்கொண்டிருந்த மகாராஜா கல்லூரியில் ராஜாவின் அனுமதியோடு சேர்ந்து, 1912-ல் சென்னையில் டாக்டர் பட்டம் வாங்கியவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த ஆற்றாமையில்தான் அடையாறில் 1954-ல் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். சித்திக்கு இதில் என்ன ஆறுதல் கிடைத்ததோ தெரியாது, அழுகை நின்றது.

ஆனால் லிம்போமா என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மருந்து எழுத முடியாது. அதில் பல பத்து வகை. சில வகைகளுக்கு வருஷக்கணக்கில் மருந்தே இல்லாமல் கண்காணிப்போடு விடுவார்கள். சில வகைகள் வாரக்கணக்கில் ஆளைச் சாய்த்துவிடும். சித்தப்பாவுக்கு வந்திருந்தது பெரிய பி-செல் வகை. பெரியவர்களிடம் அதிகம் காணப்படுவது இதுதான். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் டாக்டர் எழுதியிருந்தார்: மிக், பி.சி.எல்.2, பி.சி.எல்.6 ஆகிய ஜீன்களுக்கு ஃபிஷ் செய்யவும்.

அந்த மெழுகுக் கட்டி எங்கள் ஆய்வுக்கூடத்துக்கே வந்து சேர்ந்தது. கூரியர் உறையைப் பிரித்து, பாரத்தில் 'அன்னவாசல்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தபோது வயிற்றில் என்னவோ செய்தது. ஆயிரக்கணக்கான ஊர்ப்பெயர்கள் கடந்துபோன மேஜை அது.

அடுத்து என்ன நடக்கும் என்பதைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன். என் வேலையில் கண்ணுக்குத் தெரியாத பகுதி இதுதான்.

மெழுகுக் கட்டியிலிருந்து நாலு மைக்ரான் தடிமனில் ஒரு சீவல் எடுப்போம். தலைமுடியின் தடிமனில் பதினைந்தில் ஒரு பங்குகூட வராது. வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டால் பாலாடை மாதிரி விரியும். கண்ணாடிச் சில்லை அடியில் கொடுத்து அள்ளி, ராத்திரி முழுக்கச் சூட்டில் வைப்போம். காலையில் சைலீனில் மெழுகைக் கரைத்துவிட்டு, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே இருக்கிற கரைசலில் வேகவைத்து, பெப்சின் ஊற்றுவோம். நம் வயிற்றில் கறியைச் செரிக்க வைக்கிறதே, அதே பெப்சின். செல்லைச் சுற்றியிருக்கிற புரதத்தை அது தின்று வழிவிட்டால்தான் நாங்கள் அனுப்புகிற ஆள் உள்ளே போக முடியும். குறைவாகத் தின்றால் வழி கிடைக்காது. அதிகம் தின்றால் செல்லே காலி. எத்தனை நிமிஷம் என்பதை எந்தப் புத்தகமும் சரியாகச் சொல்லாது. நெறிக்கு நெறி மாறும். கைப்பழக்கம்தான், சோற்றுப் பதம் பார்க்கிற மாதிரி.

உள்ளே அனுப்புகிற ஆளுக்குப் பெயர் புரோப். டி.என்.ஏ. என்பது ஜிப் போல இரண்டு வரிசைப் பற்கள் கோத்துக்கொண்ட சரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசை தெரிந்தால் அதற்கு எதிர்வரிசை என்ன என்பது தெரிந்துவிடும். மிக் ஜீன் இருக்கிற பகுதிக்குப் பொருந்துகிற வரிசையை முன்கூட்டியே தயாரித்து, அதில் ஒளிரும் சாயத்தைக் கட்டியிருப்பார்கள். பத்து மைக்ரோலிட்டர் போதும். ஒரு சொட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அதைச் சில்லின் மேல் விட்டு, மெல்லிய கண்ணாடியால் மூடி, ஓரத்தை அடைக்கிறோம். அடைக்கிற பசை வேறொன்றுமில்லை, சைக்கிள் பஞ்சருக்குப் போடுகிற ரப்பர் சொல்யூஷன் ஜாதி. அத்தனை விலையுள்ள மருந்தைக் காப்பாற்றுவது அந்தப் பஞ்சர் பசைதான் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

பிறகு எழுபது, எண்பது டிகிரியில் ஐந்து நிமிஷம். அந்தச் சூட்டில் செல்லின் டி.என்.ஏ. ஜிப் திறந்துகொள்ளும். சூட்டைக் குறைத்து 37 டிகிரியில், அதாவது நம் உடம்புச் சூட்டில், ஈரப்பதமான பெட்டிக்குள் ராத்திரி முழுக்க வைத்தால், கோடிக்கணக்கான எழுத்துகளுக்கு நடுவே புரோப் தன் ஜோடி வரிசையைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். யாரும் வழிகாட்டுவதில்லை. பொருந்தாத இடத்தில் அரைகுறையாக ஒட்டியவற்றை மறுநாள் காலையில் சூடான உப்புக் கரைசல் கழுவித் தள்ளிவிடும்.

ஒளிரும் சாயம் என்றதும் திருவிழா சீரியல் பல்பை நினைக்க வேண்டாம். கடையில் ஐந்நூறு ரூபாய் நோட்டை ஊதா விளக்கடியில் காட்டுவார்களே, வரிசை எண் பளிச்சென்று மின்னுமே, அதே சங்கதி. ஒரு நிற ஒளியை வாங்கி வேறு நிறமாகத் திருப்பிக் கொடுக்கிற சாயம்.

1969-ல் அமெரிக்காவில் ஜோசப் காலும் மேரி லூ பார்டூவும் இந்த ஒட்டும் வித்தையை முதலில் செய்து காட்டியபோது சாயம் கிடையாது. கதிரியக்கம் ஏற்றிய ஆர்.என்.ஏ.வைத் தவளை செல்லில் ஒட்டவிட்டு, அது புகைப்படப் பூச்சில் கரும்புள்ளியாகப் பதியும்வரை நாள்கணக்கில் காத்திருந்தார்கள். 1986-ல் டேனியல் பிங்கல், ஜோ கிரே ஆகியோர் மனிதக் குரோமோசோம்களில் ஒளிரும் சாயத்தை வைத்துத் தெளிவாகக் காட்டிய பிறகுதான் இது ஆஸ்பத்திரிப் பக்கம் வரத் தொடங்கியது.

சித்தப்பாவின் சில்லை இருட்டறைக்குள் எடுத்துப்போன நாள் வியாழக்கிழமை. விளக்கை அணைத்து, லென்சில் எண்ணெய் விட்டு, கண்ணை வைத்தேன். நீல நிறத்தில் செல் கருக்கள், நாவல்பழத்தைக் கொட்டிப் பரப்பின மாதிரி. அவ்வளவுதான். உள்ளே புள்ளி இல்லை. ஓரத்துக்கு நகர்த்தினேன். ஓரத்தில் மட்டும் மங்கலாக ஒன்றிரண்டு. நடுப்பகுதியில் நீலமே கலங்கி, பழம் அழுகிக் கசிந்தது போல இருந்தது. பெப்சின் நேரத்தை மாற்றி இன்னொரு சில்லு போட்டோம். அதுவும் அப்படியே.

பதில் எனக்குத் தெரியும், ஆனால் தம்பியைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். நெறியை எடுத்த ஆஸ்பத்திரியில், எந்த ஊர் என்பது வேண்டாம், சின்னக் கழுத்துப் பாட்டிலில் முழு நெறியையும் பிதுக்கி உள்ளே தள்ளி, மேலே கொஞ்சம் தண்ணி மாதிரி மருந்தை ஊற்றி, இவன் கையில் கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை. இவன் அதை மஞ்சப்பையில் போட்டு, பஸ் கம்பியில் மாட்டிக்கொண்டு, வெயிலில் வீட்டுக்குக் கொண்டுவந்து, திங்கட்கிழமைதான் ஆய்வுக்கூடத்தில் சேர்த்திருக்கிறான். சதையை எடுத்தவுடன் ஃபார்மலின் அதற்குள் இறங்க வேண்டும். மணிக்கு ஒரு மில்லிமீட்டர்தான் இறங்கும். எலுமிச்சம்பழம் அளவு நெறியை இரண்டாக வகிர்ந்து போடாவிட்டால், நடுப்பகுதிக்கு மருந்து போய்ச் சேர்வதற்குள் அங்கே அழுகல் தொடங்கிவிடும். மருந்து சதையைப் போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். அமிலம் சேராதபடி உப்புச் சேர்த்துச் சமன்செய்த ஃபார்மலினாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் அந்தப் பாட்டிலில் இல்லை. சாதாரண சாயத்தில் புற்றுநோய் என்று சொல்ல ஓரப்பகுதி போதுமாக இருந்தது. டி.என்.ஏ.வைத் தேடிப் போனவர்களுக்கு அது போதவில்லை.

வெளிநாட்டு புரோப், லட்சக்கணக்கில் மைக்ராஸ்கோப், ஏசி அறை எல்லாம் இருந்து என்ன? எங்கள் வேலை பாதிக்குமேல் அந்தப் பாட்டிலிலேயே முடிந்துபோகிறது. பாட்டிலை மூடுகிறவருக்கு அது தெரிவதில்லை. யாரும் அவருக்குச் சொல்வதும் இல்லை. கோபம் வந்தது உண்மை. ஆனால் என் முதல் வருஷத்தில் நானே ஒரு எலும்பு மஜ்ஜைத் துண்டை அளவுக்கு மேல் அமிலத்தில் ஊறவிட்டு டி.என்.ஏ.வைக் கரைத்திருக்கிறேன். அந்த நோயாளியை இரண்டாம் முறை குத்த வேண்டியதாயிற்று.

சித்தப்பாவுக்கும் இரண்டாம் முறை. அக்குளில் இன்னொரு நெறி இருந்தது. இந்தத் தடவை நான் தம்பிக்குப் போனில் பாடம் எடுத்தேன். வாயகன்ற பாட்டில். பஃபர்டு ஃபார்மலின் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இரண்டாக வகிர்ந்து போடச் சொல்ல வேண்டும். எடுத்த தேதி, நேரம் பாட்டில் மேலே. அன்றைக்கே ஆய்வுக்கூடம். டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தான். அவரோ, "யாருப்பா உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டுவிட்டு, கத்தியால் தானே வகிர்ந்து போட்டாராம்.

இடையில் சித்தப்பா சென்னைக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். மொட்டைமாடியில் ஈசிச்சேரைப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்டார்:

"ஏத்தா, இத்தன செலவு பண்ணி, வெளக்கு அணைச்சுப் பாக்குறீகளே, அப்புடி என்னத்தத்தான் பாக்குறீக?"

"மாடு பூட்டியிருக்கா, அவுந்து ஓடிருச்சான்னு பாக்குறோம் சித்தப்பா."

சிரிக்கவில்லை. மாடு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நெறியில் இருக்கிற பி-செல்லின் வேலை கிருமிக்கு எதிராக ஆன்டிபாடி செய்வது. கிருமிகள் ஆயிரம் விதம். ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வேண்டும். அத்தனை அச்சையும் கையில் வைத்துக்கொள்ள இடம் ஏது? அதனால் பி-செல் தன் டி.என்.ஏ.வையே வெட்டி, இடம் மாற்றி, ஒட்டிப் புது அச்சுச் செய்துகொள்கிறது. இதைக் கண்டுபிடித்த ஜப்பானியர் சுசுமு டோனெகாவாவுக்கு 1987-ல் நோபல் கொடுத்தார்கள். வெட்டி ஒட்டுகிற வேலை என்றால் என்றைக்காவது ஒருநாள் தப்பாக ஒட்டத்தானே செய்யும்? பதினாலாவது குரோமோசோமில் ஒட்ட வேண்டிய நுனி, எட்டாவது குரோமோசோமின் துண்டோடு போய் ஒட்டிக்கொள்கிறது.

"ஒட்டினா ஒட்டிட்டுப் போகுது. அதுல என்ன கேடு?"

அதற்கு நான் எங்கள் கண்மாயைத்தான் இழுக்க வேண்டியிருந்தது. பி-செல்லில் ஆன்டிபாடி ஜீன் இருக்கிற இடம் மடைவாய் மாதிரி. அங்கே எப்போதும் தண்ணீர் ஓடும், வேலை அப்படி. எட்டாவது குரோமோசோமில் இருக்கிற மிக் ஜீன் கடைமடை வயல். 'செல்லே, இரண்டாகப் பிரி' என்று உத்தரவு போடுகிற ஜீன் அது. முறைத்தண்ணிதான் அதற்கு, தேவைப்படும்போது மட்டும் திறந்துவிடுவார்கள். தப்பாக ஒட்டியதில் அந்தக் கடைமடை வயல் அப்படியே பெயர்ந்து மடைவாயில் வந்து உட்கார்ந்துவிட்டது. இனி அதற்கு ராத்திரி பகல் தண்ணீர். செல் பிரிந்துகொண்டே இருக்கும்.

"மடைக்காரன் இல்லையா?"

இருக்கிறான். கெட்டுப்போன செல்லைத் தானே சாகச் சொல்கிற ஏற்பாடு உடம்பில் உண்டு. பி.சி.எல்.2 என்ற ஜீன் அந்தச் சாவைத் தடுப்பது. பதினெட்டாவது குரோமோசோமில் இருக்கிற அதுவும் இதே போல் மடைவாய்க்கு வந்துவிட்டால், மடைக்காரன் கையைக் கட்டிப் போட்ட மாதிரி. மிக், பி.சி.எல்.2 இரண்டும் ஒரே ஆளிடம் இடம் மாறியிருந்தால் டாக்டர்கள் 'டபுள் ஹிட்' என்பார்கள். பிரியச் சொல்கிறவன் ஒருத்தன், சாகவிடாதவன் இன்னொருத்தன். வழக்கமான மருந்து அதற்குப் பெரும்பாலும் எடுபடாது. பல டாக்டர்கள் ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்து நாள்கணக்கில் ஏற்றுகிற கடுமையான மருந்துக்குப் போவார்கள். மைக்ராஸ்கோப்பில் சாதாரண சாயத்தில் பார்த்தால் இரண்டு வகைக்கும் வித்தியாசம் தெரியாமலே போகலாம். அதனால்தான் ஃபிஷ்.

மிக்கின் கதை ஆப்பிரிக்காவில் தொடங்கியது. உகாண்டாவில் வேலை பார்த்த அயர்லாந்து டாக்டர் டெனிஸ் பர்கிட் குழந்தைகளின் தாடையில் மளமளவென்று வளர்கிற கட்டியைப் பற்றி 1958-ல் எழுதினார். அந்தக் கட்டிச் செல்களில் பதினாலாவது குரோமோசோம் சற்று நீண்டிருப்பதை 1972-ல் பல்கேரியத் தம்பதி மனோலோவ்கள் பார்த்தார்கள். அந்த நீட்டம் எட்டாவதிலிருந்து வந்த துண்டு என்று 1976-ல் சுவீடனில் லோரே ஜெக் காட்டினார். அந்தத் துண்டில் இருப்பது மிக் என்பது 1982-ல் தெளிவானது. தாடைக் கட்டியிலிருந்து ஒரு ஜீனின் பெயருக்கு வர இருபத்து நாலு வருஷம்.

"மாட்டுக்கு வா" என்றார் சித்தப்பா.

மிக் ஜீனுக்கு இந்தப் பக்கம் ஒட்டுகிற புரோப்பில் சிவப்புச் சாயம், அந்தப் பக்கம் ஒட்டுவதில் பச்சைச் சாயம். ஒரே நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடு, ஒன்றுக்குச் சிவப்புக் கயிறு, ஒன்றுக்குப் பச்சைக் கயிறு. நுகத்தடி முறியாமல் இருந்தால் இரண்டும் ஒட்டி நிற்கும். சிவப்பும் பச்சையும் கலந்து மைக்ராஸ்கோப்பில் மஞ்சளாகத் தெரியும். ஒவ்வொரு குரோமோசோமும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்பதால் நல்ல செல்லில் இரண்டு மஞ்சள். மிக் இருக்கிற இடத்தில் வெட்டு விழுந்து ஒரு பாதி வேறு குரோமோசோமுக்குப் போயிருந்தால், ஒரு மஞ்சள், தனியே ஒரு சிவப்பு, தனியே ஒரு பச்சை.

"இம்புட்டுத்தானா?"

இம்புட்டுத்தான். ஆனால் எண்ணுவதில்தான் சூது இருக்கிறது. நாலு மைக்ரான் சீவல் என்றேனே, செல் கரு அதைவிடப் பெரிது. கத்திரிக்காயை வட்டமாக நறுக்கினால் ஒவ்வொரு துண்டிலும் எல்லா விதையும் இருக்குமா? சில செல்லில் ஒரு புள்ளி சீவலோடு போயிருக்கும். ஒரு செல்லின் மேல் இன்னொன்று படுத்திருக்கும். யாருடைய புள்ளி யாருடையது என்று தெரியாது. சிவப்புக்கும் பச்சைக்கும் கொஞ்சம் இடைவெளி இருந்தால் பிரிந்தது என்று எழுதிவிட முடியாது. இரண்டு மூன்று புள்ளி அகலத்துக்கு மேல் விலகியிருக்க வேண்டும். நல்ல நெறியிலேயே நூற்றுக்கு இத்தனை செல் பிரிந்த மாதிரி பொய்க்காட்சி கொடுக்கும். நோயில்லாதவர்களின் நெறிகளை எண்ணி எண்ணி ஒவ்வொரு ஆய்வுக்கூடமும் தனக்கென்று ஒரு எல்லைக்கோடு போட்டு வைத்திருக்கும். அதைத் தாண்டினால்தான் ஜீன் இடம் மாறியது என்று எழுதுவோம். ஒருவர் நூறு செல், இன்னொருவர் தனியே நூறு செல். ஒருவர் எண்ணியதை மற்றவர் பார்க்கக்கூடாது.

அவசரமும் உண்டு. விளக்கைக் காட்டிக்கொண்டே இருந்தால் புள்ளி வெளுத்துப்போகும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை மங்கும். சித்தன்னவாசலில் சுண்ணாம்புப் பூச்சு மேல் ஆயிரம் வருஷத்துக்கு முன் தீட்டிய சாயம் கொஞ்சமாவது நிற்கிறது. எங்கள் சாயத்துக்கு அந்த ஆயுள் கிடையாது. பார்த்த இடத்தைப் படமெடுத்துவிட்டு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

மாட்டுக் கதையில் ஓர் ஓட்டையையும் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன். வெட்டு, நுகத்தடியை விட்டு வெகுதூரத்தில் விழுந்திருந்தால், இரண்டு மாடும் சேர்ந்தே வேறு வயலுக்குப் போயிருக்கும். மஞ்சள் மஞ்சளாகவே தெரியும், நாம் ஏமாந்துபோவோம். மிக்கில் இது நடப்பதுண்டு. அதற்காகச் சந்தேகம் இருந்தால் வேறு மாதிரிப் புரோப்பும் போடுவோம். எட்டாவதுக்கு ஒரு நிறம், பதினாலாவதுக்கு ஒரு நிறம். சேரக்கூடாத இரண்டும் சேர்ந்து மஞ்சளானால் திருட்டு வெளிப்பட்டுவிடும். மற்ற லிம்போமாக்களிலும் இப்படி ஜோடிகள் உண்டு. ஃபாலிகுலர் வகையில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேரிடம் பதினாலும் பதினெட்டும். மேன்டில் செல் வகையில் பதினொன்றும் பதினாலும். அனாபிளாஸ்டிக் என்ற டி-செல் வகையில் ஆல்க் என்ற ஜீன் உடைந்திருந்தால் அது ஒரு வகையில் நல்ல சேதி. அவர்கள் மருந்துக்கு நன்றாகவே கேட்பார்கள்.

இரண்டாவது நெறியின் சில்லு வந்தது. சொந்தக்காரர் என்பதால் எண்ணுகிற இருவரில் நான் சேரவில்லை. வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து வேறு எதையோ லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரே லேபிளை இரண்டு தரம் ஒட்டினேன். கதவு திறந்து, "அக்கா, சிக்னல் சூப்பர்" என்றாள் எண்ணின பெண். ரிசல்ட்டைச் சொல்லவில்லை. புள்ளி நன்றாகத் தெரிகிறது என்றாள், அவ்வளவுதான். எனக்கு அதுவே கண் கலங்கிவிட்டது. நீலத்துக்குள்ளே பாசிமணி சிதறின மாதிரி சிவப்பும் பச்சையும் மஞ்சளும், நெறியின் ஓரத்திலும் நடுவிலும் ஒரே மாதிரி.

மிக்: இருநூறில் நாலு, எல்லைக்கோட்டுக்கு வெகு கீழே. பி.சி.எல்.2: இருநூறில் மூன்று. பி.சி.எல்.6 மட்டும் இருநூறில் நூற்று முப்பத்தாறு பிரிந்திருந்தது. டபுள் ஹிட் இல்லை. பி.சி.எல்.6 தனியாக உடைந்திருப்பதால் மருந்தை மாற்றுவதில்லை.

ஆர்-சாப் என்கிற அந்த வழக்கமான மருந்தையே எழுதினார்கள். இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை, ஆறு தடவை. அதில் 'ஆர்' என்பது ரிட்டக்சிமாப். ஒரு காலத்தில் வெளிநாட்டு மருந்து மட்டும். நிலம் விற்றுப் போட்டவர்களை எனக்குத் தெரியும். 2007-ல் ஹைதராபாத் டாக்டர் ரெட்டீஸ் கம்பெனி உள்ளூரிலேயே அதற்கிணையான மருந்தைக் கொண்டுவந்த பிறகுதான் விலை இறங்கத் தொடங்கியது. மூன்றாவது தடவைக்குள் கழுத்தில் துண்டு தேவைப்படவில்லை. தலைமுடி போய்விட்டதால் துண்டு தலைக்கு ஏறியது.

நாலாவது தடவை முடிந்து சித்தப்பா ஊரில் இருந்தபோது போய்ப் பார்த்தேன். வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்து, "அந்தப் படம் இருக்காத்தா?" என்றார். போனில் வைத்திருந்தேன். சிறிது நேரம் தள்ளிப் பிடித்தார், கிட்டே பிடித்தார், விரலால் பெரிதாக்கினார். முதல் படம் மிக்.

"மஞ்சள் ரெண்டு. இங்கயும் ரெண்டு. இதுல ஒண்ணுதான் இருக்கு... கத்தி பட்டுருக்கும்."

"ஆமா சித்தப்பா."

அடுத்த படத்துக்குத் தள்ளினார். பி.சி.எல்.6. நெற்றி சுருங்கியது.

"இங்க செவப்பு தனியா நிக்குது. பச்சை அந்தக் கோடியில. ஏத்தா, இது அவுத்துக்கிட்டு ஓடிருச்சே?"

"அது ஓடினாலும் பரவால்ல சித்தப்பா. சாது மாடு."

நம்பிக்கையில்லாமல் என்னைப் பார்த்தார். பிறகு படத்தை. "ஓடுன மாட்டச் சாதுங்கிறா பாரு" என்று உள்ளே இருந்த சித்தியிடம் சொன்னார்.